தண்ணீரில் ஒரு நாற்றங்கால்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் பேசியது. கேட்ட சிலர் எழுத்தில் வேண்டும் என்றதால், பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் மலருக்குத் தருகிறேன்.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "உங்க துறையைப் பத்தி கொஞ்ச நேரம் பேசணும்" என்றார். என் துறை தண்ணீர். தொழிற்சாலைகளுக்குத் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுக்கும் பிரிவில் பொறியாளன். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், சாப்பாட்டுப் பந்தல் இருக்கிற திசையில் எல்லோரும் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் அதே தண்ணீரில் நாற்று விடுவதைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். ஹைட்ரோபோனிக்ஸ், மண்ணில்லா விவசாயம் என்கிறார்களே, அதில் முதல் இருபது நாள் மட்டும்.

ஊரும் இந்தத் தலைப்புக்குப் பொருத்தமான ஊர்தான். திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும். குடவோலையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். சம்வத்சர வாரியம் என்கிற பெரிய குழுவுக்கு ஆள் எடுக்கும்போது, தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் ஏற்கெனவே இருந்தவர்களாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறது கல்வெட்டு. தோட்டமும் தண்ணீரும் பார்த்தவன் ஊரையும் பார்ப்பான் என்று நினைத்திருக்கிறார்கள். நான் இன்று பேசப்போவதும் அந்த இரண்டையும் பற்றித்தான். ஆகவே மேடையில் நிற்க எனக்கு ஏதோ கொஞ்சம் தகுதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் மட்டும் நம் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் எனக்குப் போன் செய்தார்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, மாடியில ஹைட்ரோபோனிக்ஸ் போடலாம்னு இருக்கோம். லோன் எடுக்கலாமா?" அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு கதை.

என் வகுப்புத் தோழன் ஒருவன். பெயரைச் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் கதையைச் சொல்லச் சொன்னவனே அவன்தான். ஒப்பந்த வேலை முடிந்து வீட்டில் இருந்த சமயம். ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, மொட்டை மாடியில் வெள்ளைக் குழாய்களை அடுக்கி 400 ஓட்டை போட்டு, ஒரு மோட்டார் வைத்து, "லெட்யூஸ் கீரை போடுங்க, நாங்களே வாங்கிக்கிறோம்" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். மனைவியின் 8 பவுன் அடகுக் கடைக்குப் போனது. மொத்தச் செலவு 2 லட்சத்து 80 ஆயிரம்.

விதை போட்டது ஏப்ரல் மாதம். 400 விதையில் முளைத்தவை நாற்பதைத் தாண்டவில்லை. மறுபடி போட்டான். முளைத்ததும் நூல் மாதிரி நீண்டு சாய்ந்தது. தேறியதை எடுத்துக் குழாயில் வைத்தான். ஒரு நாள் மதியம் ஒன்றேகால் மணி நேரம் கரண்ட் போனது. சாயந்திரம் போய்ப் பார்த்தால் வெந்த கீரை. கம்பெனிக்காரர்கள் "விதை சரியில்லை" என்றார்கள். மூன்றாவது மாதத்திலிருந்து அந்தப் போன் எடுக்கப்படவில்லை. 8 பவுனில் 5 பவுன் திரும்பி வந்தது. 3 பவுன் ஏலத்தில் போய்விட்டது.

இதில் திருட்டுத்தனம் எவ்வளவு, அறியாமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுதி. அந்த 400 ஓட்டையும் தோற்றது நாற்றில்தான். குழாய், மோட்டார், உரம் என்று எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியல் இருந்தது. நாற்று என்ற வார்த்தையே அதில் இல்லை. நெல்லுக்கு நாற்றங்கால் இல்லாமல் நடவு உண்டா? நம் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, குழாய் வெள்ளையாக இருந்ததும் மறந்துபோகிறது.

முதலில் விதையைப் பார்ப்போம். லெட்யூஸ் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. அங்கே கோடையில் மழை இல்லை. சூட்டில் முளைத்தால் காய்ந்து சாகும் என்பதால், அந்த விதை சூடு கண்டால் முளைக்க மறுத்து உள்ளேயே உறங்கும். 20 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் முளைப்பது, 30 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்களில் முளைப்பதே இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து மொட்டை மாடியில் ஏப்ரல் மாதம் எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில்லாமல் துணி காயப்போடப் போனவர்களைக் கேளுங்கள். விதை சரியாகத்தான் இருந்தது. அது தன் கடமையைச் செய்தது.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போட்டால் நமக்கும் லெட்யூஸ் வரும். மற்ற மாதங்களில் ஆசைப்பட்டால், விதையை ஈரத்துணியில் சுற்றி இரண்டு நாள் குளிர்ச்சியில் வைத்து முளை எட்டிப் பார்த்ததும் எடுத்து வைக்கலாம். பிரிட்ஜின் அடித்தட்டு போதும். இதை வீட்டில் செய்துகொண்டிருந்தபோது அம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "ஊர்ல இல்லாத கீரைக்கு ஏன்டா பிரிட்ஜு? முளைக்கீரை போடு, மூணாம் நாள் சிரிக்கும்." அது உண்மை. முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை எல்லாம் வெயிலுக்குப் பிறந்தவை. சூட்டில்தான் ஒழுங்காக முளைக்கும். தக்காளி ஐந்தாறு நாள், கத்தரி ஒரு வாரம், மிளகாய் ஏழிலிருந்து பத்து நாள் எடுக்கும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து ஒரு இரவு ஊறவைத்துப் போட்டாலும் பத்து நாள் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி, வரப்பில் இறங்க முடியாது. நாற்பது வருடம் கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் விட்ட கை, மாடியில் சும்மா இருந்தது. நான் வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, "இந்தச் சிமெண்டுல நான் என்னத்தப் பண்றது?" என்று கேட்டார். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை போட்டு, அதன்மேல் தட்டுகளை வைத்தேன். குனிய வேண்டாம். எங்கள் வீட்டு ஹைட்ரோபோனிக்ஸ் தொடங்கியது அந்த மேசையில்தான். அவருக்குக் கைப்பழக்கம் தெரியும், எனக்குக் காரணம் தெரியும். இனி நான் சொல்லப்போவதில் பாதி அவருடையது.

விதைக்குள்ளேயே கட்டுச்சோறு இருக்கிறது. விதையிலை விரியும்வரை அதற்கு வெளியிலிருந்து எந்த உரமும் வேண்டாம். தண்ணீர், காற்று, தகுந்த சூடு மூன்றும் போதும். விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி வைக்கோல் மூடி வைக்கிறோமே, அதில் யாராவது யூரியா போடுகிறோமா? ஆனால் ஹைட்ரோபோனிக்ஸ் என்றதும் முதல் நாளே ஊட்டக் கரைசலை ஊற்றுகிறார்கள். உப்பு அதிகமானால் விதையால் தண்ணீரை இழுக்க முடியாது. அதுமட்டுமல்ல, உரத் தண்ணீரில் பாசியும் பூஞ்சையும் முதலில் விருந்து சாப்பிடும். தண்டு தரையோடு கறுத்துச் சாயும் நாற்றழுகல் நோய் அப்படித்தான் வருகிறது. வயலில் வருகிற அதே நோய்தான். விதைநேர்த்தியும் அதேதான்: கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி. வீட்டுக்குச் சின்னப் பொட்டலம் விதைதான் என்றால் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் போதும். ஒரு எச்சரிக்கை. கடையில் ரோஸ் கலரிலும் நீலக் கலரிலும் வருகிற விதைகள் மருந்து கலந்தவை. நாற்றுக்குப் போடலாம். அதை முளைப்பயிராக அப்படியே கிள்ளிச் சாப்பிடக் கூடாது.

அடுத்தது வெளிச்சம். தென் மாவட்டங்களில் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். நம் பக்கத்துக் கல்யாணங்களில் பாலிகை வைப்பார்கள். முளைப்பாரியை இருட்டறையில் வைத்து வளர்ப்பதால்தான் அது வெளிறிய மஞ்சளாக, நெட்டையாக, பட்டு நூல் மாதிரி வருகிறது. கோயிலுக்கு அதுதான் அழகு. நாற்றுக்கு அதுதான் நோய். என் நண்பன் வீட்டில் நூல் மாதிரி நீண்டது முளைப்பாரிதான், வேறொன்றும் இல்லை. முளைக்கும்வரை தட்டை மூடி வைக்கச் சொன்னார்கள். அவனும் மூடி வைத்துவிட்டு, எல்லா விதையும் முளைக்கட்டும் என்று இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருந்தான். அதற்குள் முளைத்தவை வெளிச்சத்தைத் தேடி ஓடிவிட்டன. காலையும் மாலையும் மூடியைத் திறந்து பாருங்கள். நாலு தலை தெரிந்தால் அன்றைக்கே வெளிச்சத்துக்கு வர வேண்டும், மிச்சம் பின்னால் வரும். காலை வெயில் நேராகப் படலாம். பத்து மணிக்கு மேல் 50 சதவீத நிழல்வலை வேண்டும். ஜன்னலோரம் போதும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முளைப்பாரிதான் எடுக்கிறார்கள்.

எதில் விதைப்பது? வெளிநாட்டுப் புத்தகங்களில் ராக்வூல் என்று இருக்கும். பாறையை உருக்கி நூலாக்கிய பஞ்சு. விலை அதிகம், பயன்படுத்தியபின் மக்காது. பாத்திரம் கழுவுகிற மாதிரி ஸ்பாஞ்சை ஒரு அங்குலத் துண்டாக வெட்டி நடுவில் கீறி வைப்பவர்களும் உண்டு, கீரைக்கு அது போதும். ஆனால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தென்னை நார்க்கழிவைக் கட்டி கட்டியாக உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கிற மாநிலத்தில் இருந்துகொண்டு ராக்வூலைத் தேடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 650 கிராம் கட்டி ஒன்றை ஊறவைத்தால் 8 அல்லது 9 லிட்டர் பொலபொலவென்று வரும். ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கில் காணும்.

ஆனால் அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் இருக்கிறது. நல்ல தண்ணீரில் மூன்று முறையாவது அலசிப் பிழிய வேண்டும். வடிகிற தண்ணீரின் உப்பளவு, ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு இறங்கும்வரை அலசுங்கள். அதற்குப் பிறகும் ஒரு குணம் மிச்சம் இருக்கும். நாம் கொடுக்கிற கால்சியத்தைத் தான் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே விடும். அதனால் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துப் பிறகு ஒருமுறை அலசுவார்கள். வேதியியல் மாணவர்களுக்குப் புரியும். தண்ணீரை மென்மையாக்கும் அயனிப் பரிமாற்றத்தின் அதே கணக்கு. என் ஆலையில் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்வதைத் தேங்காய்மட்டை இலவசமாகச் செய்கிறது.

இப்போது தண்ணீர். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச அனுமதியுங்கள், என் பிழைப்பே இதுதான்.

கடையில் 300 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. கீரைக்கு 800, 900 பி.பி.எம். வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, போர் தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்க்கிறார்கள். வெறும் தண்ணீரே 900 காட்டுகிறது. "ஆஹா, சத்து ஏற்கெனவே இருக்கு" என்று உரமே போடாமல் விட்டு, செடி பட்டினியில் மஞ்சளாகிறது. வேறு சிலர் அதன்மேல் முழு அளவு உரத்தையும் ஊற்றி, நாற்றின் நுனி கருகிப்போகிறது. அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும். உப்பு இருக்கிறது என்று அதற்குத் தெரியும், எந்த உப்பு என்று தெரியாது. சாப்பாட்டு உப்பும் சரி, பொட்டாசியம் நைட்ரேட்டும் சரி, அதற்கு எல்லாம் ஒன்றுதான். இன்னொரு சிக்கல், ஒரே தண்ணீருக்கு ஒரு கம்பெனி மீட்டர் 500 காட்டும், இன்னொன்று 700 காட்டும். கடத்துதிறனைப் பி.பி.எம். ஆக்க ஆளுக்கொரு எண்ணால் பெருக்குகிறார்கள். ஆகவே பி.பி.எம். கணக்கை விட்டுவிட்டு, இ.சி. என்று மில்லி சீமன்ஸில் காட்டுகிற மீட்டரை வாங்குங்கள்.

விதையிலை விரிந்து, முதல் நிஜ இலை எட்டிப் பார்க்கிற அன்றைக்குத்தான் முதல் சாப்பாடு. கால் பங்கு கரைசல். நல்ல தண்ணீரில் கலந்தால் இ.சி. 0.5இலிருந்து 0.8க்குள் இருக்க வேண்டும். மூன்று நான்கு இலை வந்தபின் மெதுவாக ஏற்றி, கீரைக்கு 1.2இலிருந்து 1.8 வரை போகலாம். நான் ஒருமுறை கலந்துகொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார். "பச்சக் கொழந்தைக்குக் கஞ்சித் தண்ணிதான்டா. பல்லு மொளச்சப்புறம் சோறு." இ.சி. என்ற வார்த்தையே இல்லாமல் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

போர் தண்ணீரில் இன்னொரு தொல்லை பைகார்பனேட். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதன் மூலம். அது கரைசலின் பி.எச்.சை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். செடிக்கு வேண்டியது 5.5இலிருந்து 6.5 வரை. அதற்கு மேலே போனால் இரும்புச் சத்து தண்ணீரில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அதுதான் அறிகுறி. பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டு சொட்டாக விட்டு இறக்கலாம். ஆனால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அமிலப் பாட்டில் வைப்பதைவிட மழைத்தண்ணீர் நல்லது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வைத்த குழாய் இன்னும் பல வீடுகளில் சுவரோடு நிற்கிறது. அதன் வாயில் ஒரு டிரம் வைத்து மூடினால் நாற்றுக்கு வருடம் முழுக்கத் தண்ணீர். சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டி வருகிற தண்ணீரும் சரி. அதிலிருந்து கழிவாக வெளியே போகிற தண்ணீரை மட்டும் "வீணாப் போகுதே" என்று நாற்றுக்கு ஊற்றாதீர்கள். அது வடிகட்டித் தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் தெளிக்கலாம்.

ஊட்டக் கரைசல் ஏன் 'ஏ', 'பி' என்று இரண்டு பாட்டிலில் வருகிறது என்று ஒரு தம்பி கேட்டான், அதிக விலைக்கு விற்கவா என்று. நியாயமான சந்தேகம், ஆனால் காரணம் வேறு. ஒன்றில் கால்சியம் நைட்ரேட். இன்னொன்றில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியான நிலையில் இரண்டையும் சேர்த்தால் கால்சியம் சல்பேட்டாகி, அதாவது ஜிப்சமாகி, அடியில் வெள்ளைச் சேறாக நிற்கும். நம் வகுப்பறைச் சாக்பீஸுக்கு அது சொந்தக்காரன். அந்தக் கால்சியத்தைச் செடி குடிக்க முடியாது. முதலில் நிறையத் தண்ணீர், அதில் 'ஏ', கலக்கிவிட்டுப் பிறகு 'பி'. வரிசை முக்கியம்.

கரண்ட் போய் நண்பனின் நாற்று வெந்ததற்கு வருவோம். சரிந்த குழாயில் மெல்லிய ஏடாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் முறை அது. வேர் நீளமாகி மெத்தை மாதிரி படர்ந்தபின் கொஞ்ச நேரம் தண்ணீர் நின்றாலும் தாங்கும். அவன் வைத்தது எட்டு நாள் நாற்று. வேர் வலைக்கப்பை விட்டு வெளியே வரவே இல்லை. மோட்டார் ஓடும்போதே அது பாதி பட்டினி, நின்றதும் முழுப் பட்டினி. வேர் கப்பின் அடியில் ஒரு அங்குலமாவது தொங்காத நாற்றைக் குழாயில் வைக்கக் கூடாது. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை நடுகிறோமே என்று கேட்பீர்கள். அங்கே சேறு இருக்கிறது, தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்க ஒன்றும் இல்லை.

அதோடு சூடு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7க்கும் கீழே. குறைவது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் சூட்டில் வேர் மூச்சு விடுவதும் அதிகமாகும். வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகும் என்று மாதக் கடைசியில் நம் எல்லோருக்கும் தெரியும். வேர் பழுப்பாகி வழவழக்கும். வெயிலில் கிடக்கிற மெல்லிய குழாயில் ஓடுகிற தண்ணீர், டீக்கடைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது.

அதனால் வீட்டில் தொடங்குகிறவர்களுக்கு நான் மோட்டாரே வேண்டாம் என்கிறேன். ஹவாய் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிராட்கி என்ற ஆய்வாளர் பிரபலப்படுத்திய முறை ஒன்று இருக்கிறது. ஒரு மூடிய பெட்டி, அதில் கரைசல். மூடியில் ஓட்டை போட்டு நாற்றுள்ள கப்பைச் சொருகினால், கப்பின் அடி மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் காற்று வரும். மேல்வேர் காற்றைக் குடிக்கும், அடிவேர் தண்ணீரைக் குடிக்கும். பாசத்தில் மறுபடியும் மேல்வரை ஊற்றிவிடக் கூடாது, காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிச் சாகும். மீன் மார்க்கெட்டில் கிடைக்கிற பழைய தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, உள்ளே கறுப்புப் பாலித்தீன் விரித்தால் வெளிச்சமும் போகாது, சூடும் சட்டென்று ஏறாது. ஒரு பெட்டியில் எட்டுக் கப், ஒரு கப்பில் பத்துப் பன்னிரண்டு முளைக்கீரை விதை. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே இடுக்கு இருக்கக் கூடாது. இருந்தால் கீரைக்கு முன்னால் கொசுவை அறுவடை செய்வீர்கள். டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

சரி, லோன் கேள்வி.

இந்த வித்தை புதிதல்ல. 1860களில் ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மண்ணே இல்லாமல் உப்புக் கரைசலில் செடியை வளர்த்துக் காட்டினார்கள். கலிபோர்னியாவில் கெரிக் என்ற பேராசிரியர் 1929 வாக்கில் அதைப் பயிர்த்தொழிலாக்க முயன்று, 25 அடி உயரத் தக்காளிக் கொடியை ஏணி வைத்துப் பறித்தார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை அவர் 1937இல் அறிமுகப்படுத்தினார். பத்திரிகைகளில் ஒரே பரபரப்பு. அதே பல்கலைக்கழகத்து ஹோக்லண்டும் ஆர்னனும் நிதானமாகச் சோதித்து 1938இல் ஒரு சிறு வெளியீடு போட்டார்கள். நல்ல மண்ணில் வருகிற விளைச்சலைவிடத் தண்ணீரில் அதிசயமாக ஒன்றும் கூடுதலாக வந்துவிடவில்லை என்பது அதன் சாரம். இன்று நாம் வாங்குகிற பாட்டில்களில் உள்ள கரைசல் பெரும்பாலும் அவர்கள் தந்த சூத்திரத்தின் வழிவந்ததுதான். சூத்திரத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தியாவுக்கு இது வந்தது 1946இல், வங்காளத்து மலையூரான காலிம்பொங்கில். ஷோல்டோ டக்ளஸ் என்பவர் அங்கே செய்த முறையில் மோட்டாரும் இல்லை, குழாயும் இல்லை. சரளையும் மணலும் கலந்த படுக்கை, கையால் தூவுகிற உர உப்பு, பூவாளியில் தண்ணீர். ஏழை வீட்டில் செய்ய முடிய வேண்டும் என்பதே நோக்கம். அப்படித் தொடங்கியது இன்று 2 லட்சத்து 80 ஆயிரத்தில் வந்து நிற்கிறது.

வீட்டுக்குக் கீரை வேண்டும், பிள்ளைகள் வேர் வளர்வதைப் பார்க்க வேண்டும், வயதான கைக்கு வேலை வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், சில நூறு ரூபாய் போதும். லெட்யூஸ் விற்று வட்டி கட்டலாம் என்றால், என் பதில் வேண்டாம். உத்திரமேரூர் சந்தையில் லெட்யூஸ் வாங்க ஆள் இல்லை. சென்னை ஹோட்டலுக்குக் கொண்டுபோனால் வாடிப் போகாமல் சேர்க்கிற வண்டிச் செலவு தனி. "நாங்களே வாங்கிக்கிறோம்" என்கிற காகிதத்தை நம்பி நகையைக் கழற்றாதீர்கள். அப்படிச் சொல்கிறவர் போன வருடம் யாரிடமிருந்து எவ்வளவு வாங்கினார் என்று கேளுங்கள், அந்த விவசாயியின் வீட்டுக்கே நேரில் போய்ப் பாருங்கள்.

ஆனால் நாற்றுக்கு வாங்க ஆள் இருக்கிறது. 2004-05இல் தொடங்கி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணைத் திட்டத்தை 400 ஹெக்டேரில் நடத்தியபோது, குழித்தட்டு நாற்றை நிழல்வலைக்குள் வளர்த்து நட்டார்கள். 98 குழி உள்ள தட்டு, அதில் நார்க்கழிவு, குழிக்கு ஒரு விதை. வீரிய ஒட்டு விதை விற்கிற விலைக்கு, பாத்தியில் தூவிப் பாதியை இழக்க யாருக்கும் மனம் வராது. வேர் அறுபடாமல் பிடுங்கலாம், நட்ட மறுநாளே நிமிர்ந்து நிற்கும். தக்காளி 25 நாள், மிளகாய் 35 நாளிலிருந்து 40 நாள். இப்போது இது எல்லா மாவட்டத்திலும் தொழிலாகிவிட்டது. நான் இதுவரை சொன்ன அலசுவது, மூடியைத் திறப்பது, கால் பங்கு உரம் எல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும். கடைசி நான்கு நாள் தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல்.

என் நண்பன் இப்போது செய்வது அதுதான். அந்த மாடி நிழல்வலையின் கீழேயே குழித்தட்டு அடுக்கி, சுற்று வட்டாரத்துக்குக் கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் கொடுக்கிறான். யார் எந்த மாதம் எவ்வளவு நடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அந்தக் கணக்குக்கு மட்டும் விதைக்கிறான். வேலைக்கும் போகிறான். வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். "போன மூணு பவுனு வரலடா மச்சான். ஆனா இருக்குற அஞ்சு பவுனு மறுபடி கடைக்குப் போகல" என்றான். வெள்ளைக் குழாய்களை என்ன செய்தாய் என்றதற்கு, இரண்டில் அவரைப் பந்தல் போட்டிருப்பதாகச் சொன்னான்.

அரங்கின் பின்பக்கம் மேசைமேல் முளைக்கீரை நாற்றுக் கப்புகள் வைத்திருக்கிறோம். அம்மா விதைத்தவை, இன்றைக்கு ஒன்பதாம் நாள். ஆளுக்கு நான்கு எடுத்துக்கொள்ளலாம். முதலாமாண்டு மாணவர்கள் முதலில் எடுக்கட்டும், பழைய மாணவர்கள் பொறுத்திருங்கள். பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி வெயிலில் நிறுத்தாதீர்கள். வீட்டுக்குப் போனதும் கப்பின் அடி மட்டும் நனைகிற அளவு தண்ணீரில் வையுங்கள். முதல் நிஜ இலை இன்னும் இரண்டு நாளில் விரியும். உரத்தை அதுவரை தொட வேண்டாம். சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டால் அம்மாதான் போனை எடுப்பார், அது உங்களுக்கு இன்னும் நல்லது.